நிதானமாக வேலை செய்தால் பின்தங்கிவிடுவேனா, டைரி எழுதுவது உதவுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சேலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளியூர் மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறீர்கள். வேலைப் பட்டியல் போடுகிற ஆப் நான்கு மாற்றியாயிற்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தீர்கள். மூன்று வருடமும் ஜனவரியில் டைரி வாங்கினீர்கள், மூன்றும் பிப்ரவரியைத் தாண்டவில்லை. கொடுத்த வேலையெல்லாம் முடிகிறது, முடித்த நிம்மதி மட்டும் வருவதில்லை. கொஞ்சம் நிதானமாகப் போனால் பின்தங்கிவிடுவேனா, டைரி எழுதுவது உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். நேரத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு உபாயம் வேண்டும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. 'இன்றைக்கு இது போதும்' என்று யார் சொல்வது, எப்போது சொல்வது என்றுதான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு தொழிலக சுகாதாரத்தில் தனியாகப் பயிற்சி பெற்றவள். 22 வருடமாகச் சேலத்தில் மில், பட்டறை, அலுவலகம் என்று பல இடங்களில் வேலை செய்கிறவர்களைப் பார்க்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போய் இரண்டு மூன்று காபி எஸ்டேட்களில் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு வருவேன். நான் மனநல மருத்துவர் இல்லை. என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு தொந்தரவோடு வருகிறவர்கள். ஆகவே என் அனுபவத்தை வைத்து நான் சொல்வதை எல்லோருக்கும் பொருந்துகிற விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உடம்பு. களைப்பாக இருக்கிறது என்று யார் வந்தாலும், வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. ரத்தசோகையை வைத்துக்கொண்டு தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்த பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். பலமாகக் குறட்டை விட்டு, எட்டு மணி நேரம் படுத்தும் அசதியோடு எழுந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பு இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, இருந்து என்ன பயன் என்கிற நினைப்பு வருகிறது என்றால் இந்தப் பதிலை இத்தோடு நிறுத்திவிட்டு உடனே உதவி தேடுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்கிற அரசின் மனநல ஆலோசனைச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். நம் ஊர் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்த நிலைக்கு டைரி மருந்தாகாது.

உடம்பில் குறை இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். நன்றாக நிரூபணமான விஷயம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதம் கூடுதல். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். உங்கள் வேலை நேரத்தை உண்மையாகக் கூட்டிப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையில் இருந்து அனுப்புகிற பதிலும் வேலைதான்.

அதிக நேரம் உழைத்தால் அதிக வேலை முடியும் என்பதிலும் ஒரு எல்லை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களின் உற்பத்திக் கணக்கை அப்போதே அதிகாரிகள் எழுதி வைத்திருந்தார்கள். ஜான் பென்காவல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2014-இல் அதை மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 50 மணி நேரம் வரை, நேரம் கூடினால் உற்பத்தியும் கிட்டத்தட்ட அதே அளவில் கூடுகிறது. அதைத் தாண்டினால் மணிக்கு மணி பலன் குறைகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததும் 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. இது கையால் செய்கிற, திரும்பத் திரும்பச் செய்கிற வேலையின் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. உங்கள் கணினி வேலைக்கும் இதே எண்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு எல்லைக்கு மேல் நேரத்தைக் கொட்டினாலும் வேலை நகராது என்பதை மட்டும் என்னிடம் வருகிற எல்லாத் தொழில்காரர்களிடமும் பார்க்கிறேன்.

இனி சந்தேகமானவை. 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்கிற பொமோடோரோ முறை 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தன் படிப்புக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த 25 என்ற எண்ணில் தனி மகிமை எதுவும் இல்லை. பத்து நிமிடத்துக்குள்ளான சின்ன இடைவேளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் பார்த்தார்கள். அவை களைப்பைக் குறைக்கின்றன என்பது தெரிந்தது, வேலையின் தரத்தையோ அளவையோ கூட்டுகின்றன என்பது உறுதியாகவில்லை. காலை ஐந்து மணி விஷயமும் அப்படித்தான். சீக்கிரம் எழுகிறவரா, ராத்திரி விழிக்கிறவரா என்பது பாதி பிறப்போடு வருவது, வயதோடும் மாறும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கத்தில் இரண்டு மணி நேரம் போய்விட்டது, அவ்வளவுதான்.

நிதானம் என்றால் மெதுவாகத் தட்டச்சு செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கிற வேலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நிதானம். அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்கிற ஒருவர் முதுகுவலிக்காக என்னிடம் பல வருடம் வந்தார். அவர் வீட்டில் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெய்வதை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். தறியில் ஏற்றியிருப்பது ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் வரிசை. அதில் ஒரு இழை அறுந்தால் அந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்யலாம். அந்தப் பாவு நெய்து முடியும்வரை அடுத்த பாவு ஏறாது. வாடிக்கைக்காரர் வாசலில் வந்து நின்று அவசரப்படுத்தினாலும் அவரால் அதை மாற்ற முடியாது, தறியே விடாது. உங்கள் கணினி அப்படித் தடுப்பதில்லை. பதினோரு பாவை ஏற்றினாலும் வாங்கிக்கொள்ளும். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, முதல் வேலையின் மிச்சம் கொஞ்ச நேரம் மனதில் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். நாள் முழுக்கத் தாவிக்கொண்டிருந்தால் காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடியும், சாயங்காலம் ஒன்றுமே செய்யாத உணர்வுதான் இருக்கும். நீங்கள் சொன்ன 'முடித்த நிம்மதி வராதது' பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கையில் பெரிய வேலை இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வந்தால், 'இந்த இரண்டில் எதை இறக்கி வைக்கட்டும்' என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். எத்தனையோ மேலாளர்களுக்கு, நம் கையில் என்ன இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும்.

அடுத்தது சங்கு. மில் சங்கு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சங்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது, மெஷினை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த வேலை ஒன்றும் சுகமான வேலை இல்லை, பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களைப் பார்த்தவள் நான். ஆனால் வேலை எப்போது முடிகிறது என்பதை அவர்கள் தாங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு அந்தச் சங்கை ஊதுகிற பொறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது. வேலை நேரம் முடிந்ததும் மனதால் வேலையை விட்டு விலகுகிறவர்கள் மறுநாள் களைப்புக் குறைவாக இருக்கிறார்கள் என்று ஜெர்மனியில் சபீனா சோனன்டாக் பல வருடமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விலகியதால் களைப்பு குறைகிறதா, களைப்பு குறைவாக இருப்பவர்களால்தான் விலக முடிகிறதா என்பதைப் பிரிப்பது கஷ்டம். இரண்டும் இருக்கும் என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்விட்டு வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நான் வாராவாரம் அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறவள். ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்கிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது. விடுமுறை நல்லதுதான். அதன் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களுக்குள் கரைந்துவிடுகிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். தினமும் சாயங்காலம் வேலையை மூடுகிற ஒரு வழக்கம் இதைவிட முக்கியம். இங்கேதான் டைரி வருகிறது.

டைரி எழுதுவதைப் பற்றி நான் எதையாவது உருப்படியாகக் கற்றுக்கொண்டேன் என்றால் அது ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் அலுவலகத்தில்தான். நான் நோயாளிகளைப் பார்க்கிற அறைக்கு அடுத்து ரைட்டரின், அதாவது எஸ்டேட் கணக்கு எழுதுகிறவரின் மேசை. அதன் மேல் நீளமான கட்டம் போட்ட நோட்டு. தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து அளவை எழுதுவார், அப்புறம் வேலைக்கு வந்த ஆள் கணக்கு, எந்தப் பிளாக்கில் என்ன வேலை, கடைசியில் ஒரு குறிப்பு. மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'மழை 85 சென்ட். ஆள் 22. நாலாம் பிளாக் மிளகு பறிப்பு. லாரி வரவில்லை.' சென்ட் என்றால் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. அதற்கு அடுத்த நாள்களில் 'மழை இல்லை', 'மழை இல்லை', 'மழை இல்லை' என்று வரிசையாக வரும். ஒன்பதாம் நாள், 'மழை இல்லை. ஆள் 20. பூ விரிந்தது.' காபிச் செடி அப்படித்தான், கோடை மழை விழுந்து எட்டு பத்து நாளில் மலை முழுக்க மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும். பழம் பறிக்க அதற்கப்புறம் எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

அந்த நோட்டில் எங்கேயும் 'இன்று வீணாய்ப் போனது' என்று இல்லை. லாரி வராததற்கு யாரையும் திட்டியிருக்கவில்லை. மழை இல்லாத நாளுக்கும் அதே அளவு இடம், அதே கையெழுத்து. அடுத்த வருடம் பூ எப்போது வரும், எத்தனை ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டால், ரைட்டர் பழைய நோட்டைப் புரட்டித்தான் சொல்வார்.

நானும் ஒரு காலத்தில் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். களைத்து வந்த ஒரு இளைஞரிடம், தினமும் படுக்கும் முன் மனதில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள் என்று அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் தூக்கம் இன்னும் மோசமாகி வந்தார். நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பக்கமும் செய்யாமல் விட்டவற்றின் பட்டியல், அதற்குக் கீழே தன்னைத் தானே குற்றம் சாட்டுகிற நாலு வரி. ஒவ்வொரு ராத்திரியும் தன்னைக் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது நான். மனதைத் திறந்து எழுதுவதற்கு ஆதாரமே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் கல்லூரி மாணவர்களை, மனதைப் பாதித்த சம்பவங்களைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். அப்படி எழுதியவர்கள் அதற்குப் பிந்தைய மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பின்னால் 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. கவனியுங்கள், அது நான்கு நாள் வேலை. வருடம் முழுக்க ராத்திரிதோறும் செய்யச் சொன்னது கிடையாது.

சாயங்காலக் குறிப்புக்கு இன்னொரு ஆய்வு உதவியாக இருக்கிறது. 2018-இல் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப்பேர் அன்று முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப்பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். 57 பேர், ஒரே ஒரு ராத்திரி, அதனால் இதன் மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். மனதில் சுமந்துகொண்டிருப்பதைத் தாளில் இறக்கி வைத்தால் மனது விடுகிறது என்பது என் நோயாளிகளிடமும் பார்த்ததுதான், ஆகவே இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வேலை முடிக்கிற நேரத்தை முதலில் குறியுங்கள், ஆறரை என்றால் ஆறரை. ஆறு இருபதுக்கு நோட்டை எடுங்கள். போன் வேண்டாம், எடுத்தால் வாட்ஸ்அப் இழுத்துக்கொண்டு போய்விடும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இன்று எப்போது தொடங்கினீர்கள், என்ன முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, நாளை அதை எந்த இடத்தில் இருந்து எடுப்பது. கடைசியில், வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அன்று கண்ணில் பட்ட ஒன்று. இவ்வளவுதான், ஆறேழு வரி. நல்ல நாள், கெட்ட நாள், சோம்பல் என்கிற சொற்கள் அந்த நோட்டில் வரவே கூடாது. 'மூன்று மீட்டிங். அறிக்கை இரண்டாம் பகுதி முடிந்தது. மூன்றாம் பகுதியில் அட்டவணை பாக்கி, நாளை அதிலிருந்து. மூக்கனேரியில் கொக்கு நிறைய' என்கிற மாதிரி இருந்தால் போதும். நோட்டை மூடியதும் கணினியையும் மூடிவிட்டு வீட்டை விட்டு வெளியே போங்கள், தெருமுனைக் கடை வரைக்குமாவது. அதுதான் உங்கள் சங்கு.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம் உட்கார்ந்து அந்த வாரத்தைத் திருப்பிப் படியுங்கள். டைரியின் பலன் எழுதும்போது கொஞ்சம்தான், படிக்கும்போதுதான் நிறைய. கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த ஒரு பெண் ஆறு வாரம் இப்படி எழுதினார். தலைவலி வந்த நாளெல்லாம், முந்தைய ராத்திரி ஒன்பது மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சு இருந்த நாள் என்பது படித்தபோதுதான் தெரிந்தது. நோட்டையே எடுத்துப் போய் மேலாளரிடம் காட்டினார். வாரத்துக்கு மூன்றாக இருந்தது ஒன்றாகியது.

பின்தங்கிவிடுவீர்களா என்று கேட்டீர்களே, அதற்கு நேராகவே சொல்கிறேன். முதல் சில வாரங்களில் சில விஷயங்கள் தாமதமாகும். பதில் உடனே வராததை ஒருவர் இருவர் கேட்பார்கள். அப்புறம் பெரும்பாலான இடங்களில் பழகிவிடும். எல்லா இடத்திலும் பழகாது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வேலையால் வரும் எரிந்துபோன நிலையை, அதாவது சக்தி வற்றிப்போய், வேலை மேல் வெறுப்பு வந்து, எதையும் உருப்படியாகச் செய்ய முடியாத நிலையை, ஒரு நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகச் சமாளிக்கப்படாத தீராத பணி அழுத்தத்தால் வருகிற ஒன்று என்றுதான் சொன்னது. காரணம் வேலையிடத்தில் இருந்தால் தீர்வும் அங்கேதான் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருந்தால் எந்த நோட்டும் அதைக் குறைக்காது. நான் முன்பு சொன்ன இளைஞர் பிறகு எஸ்டேட் நோட்டு மாதிரி எழுத ஆரம்பித்தார், தூக்கம் சரியானது, ஆனால் அவர் மேலாளர் ஒரு மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு இடத்துக்கு மாறினார். வீட்டில் கடன் இருக்கிறவர்கள் அப்படி உடனே மாற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது, மாறுகிற வரைக்கும் தூக்கத்தை மட்டுமாவது விட்டுக்கொடுக்காதீர்கள் என்றுதான்.

கடைசியாக அந்த மூன்று டைரிகள். பிப்ரவரியில் நான்கு நாள் விட்டுப்போயிருக்கும், அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்க்க மனமில்லாமல் மூடி வைத்திருப்பீர்கள், சரிதானே? அந்த எஸ்டேட்டில் ஒரு தடவை மழைமானி உடைந்து, புதிது வர பதினொரு நாள் ஆனது. ரைட்டர் அந்தப் பதினொரு நாளுக்கும் மழைக் கட்டத்தில் 'மானி இல்லை' என்று எழுதிவிட்டு, பன்னிரண்டாம் நாள் வழக்கம்போல அளவை எழுதினார். புது டைரி வாங்க வேண்டாம். மூன்றில் ஒன்றை எடுங்கள். விட்டுப்போன பக்கத்தில் 'எழுதவில்லை' என்று ஒரு சொல் போடுங்கள். அடுத்த பக்கத்தில் அச்சடித்திருக்கிற தேதியை அடித்துவிட்டு இன்றைய தேதியை எழுதி, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள்.